மாத்யூ ஆர்னால்டு என்னும் பாடசாலைப் பரிசோதகர்

ஆங்கில இலக்கியம் பயிலும் நம் கல்லூரி மாணாக்கர் யாவரும் மாத்யூ ஆர்னால்டு என்னும் பெயரை அறிவர். தந்தையும் மகனுமான ருஸ்தமும் சோராபும் ஒருவரையொருவர் அறியாது ஆக்ஸஸ் நதிக்கரையிற் பொருத வரலாற்றைப் பாடிய கவி என்றும், இலக்கியத்தைச் சீர்தூக்கும் முறையை வகுத்த அறிஞர் என்றும் அவரைப் போற்றுவர். ஆயினும் அவர் தம் வாழ்நாளில் 35 ஆண்டுகளை எத்தொழிலிற் கழித்தார் என்பதை அறிந்தோர் சிலரே. கவிதை அவருக்கு ஊணும் உடையும் அளிக்கவில்லை. ஏழை மக்களின் பிள்ளைகள் பயிலும் ஆரம்பப் பாடசாலைகளுக்கு ஒன்றன்பின் ஒன்றாகச் சென்று, சிறுவர் சிறுமியர் படிப்பதைக் கேட்டு, அவர்கள் எழுதியதைப் பார்த்து, சர்க்காருக்கு அறிக்கை விடுப்பதே அவருடைய உத்தியோகம்.

அவ்வுத்தியோகத்தில் அவர் அமர்ந்து பத்தாண்டுகள் ஆன பின், பிள்ளைகளின் கல்வியை ஒரே அளவுகோலால் ஆண்டுதோறும் அளந்து, அளவு குறைந்தாற் பாடசாலைக்குரிய பணத்தையும் குறைப்பது என்னும் ஏற்பாடு இங்கிலாந்தில் வந்தது. அதனை எதிர்த்து எழுதியவர்களுள் ஆர்னால்டு முதன்மையானவர். அதனைத் தம் கையாலேயே நடத்தவேண்டிய கடமையும் அவருக்கே வாய்த்தது. பரீட்சை நம் வாழ்வோடு பின்னிக் கிடக்கும் இந்நாளில், அப்பெரியாரின் வாழ்க்கையை இந்நோக்குடன் ஒருமுறை பார்ப்பது பயன்தரும் என்றெண்ணி இதனை வரையலானேன்.

பிறப்பும் கல்வியும்

தேம்ஸ் நதிக்கரையிலுள்ள லேலம் என்னும் ஊரில், 1822ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் மாத்யூ ஆர்னால்டு பிறந்தார். அவர் தந்தையார் தாமஸ் ஆர்னால்டு. இவரே 1828இல் ரக்பி பாடசாலையின் தலைமையாசிரியராகி, ஒழுக்கத்தைக் கல்வியின் அடிப்படையாக்கி, இங்கிலாந்தின் உயர்தரப் பாடசாலைகளுக்கெல்லாம் வழிகாட்டியவர். இத்தகைய தந்தைக்கு மூத்த மகனாய்ப் பிறப்பது பெருமையாயினும் எளிதன்று. ஊரார் எல்லோரும் மகனிடத்தும் அதே உழைப்பையும் அதே கண்டிப்பையும் எதிர்பார்த்தனர். மகனோ விளையாட்டுப் புத்தியும், நல்லுடையில் விருப்பமும், மீன் பிடிப்பதில் மோகமும் உடையவராய் வளர்ந்தார்.

வின்செஸ்டரில் ஓராண்டும், பின்னர்த் தந்தையாரின் ரக்பியிலும் பயின்று, ஆக்ஸ்போர்டிலுள்ள பேலியல் கல்லூரியில் உபகாரச் சம்பளம் பெற்று 1841இற் சேர்ந்தார். அடுத்த ஆண்டே தந்தையார் திடீரென்று காலமானார். 1843இற் கிராம்வெல்லைப் பற்றி இயற்றிய கவிதைக்கு நியூடிகேட் பரிசு கிடைத்தது. ஆனால் 1844இல் நிகழ்ந்த இறுதிப் பரீட்சையில் அவர் இரண்டாம் வகுப்பிலேயே தேறினார். அவரை நேசித்தோர் வருந்தினர். ஆர்னால்டு அதனைப் பெரிதாகக் கருதியவராகத் தோன்றவில்லை. மறு ஆண்டு ஓரியல் கல்லூரியின் உறுப்பினர் பதவியைப் பெற்றுக் குடும்பத்தாரின் மனக்குறையை நீக்கினார்.

1847இல் லான்ஸ்டவுன் பிரபுவின் அந்தரங்கக் காரியதரிசியானார். 1849இல் முதற் கவிதைத் தொகுதி வெளிவந்தது. அக்காலத்தில் சர் வில்லியம் வைட்மன் என்னும் நீதிபதியின் குமாரத்தி பிரான்சிஸ் லூசியை மணக்க விரும்பினார். நிலையான வருவாய் இல்லாத கவிஞருக்கு மகளைக் கொடுக்க நீதிபதி உடன்படவில்லை. லான்ஸ்டவுன் பிரபுவின் தயவால் 1851 ஏப்ரலிற் பாடசாலைப் பரிசோதகர் பதவி கிடைத்தது. ஜூன் மாதத்தில் விவாகமும் நடந்தேறியது. கல்வித் தொண்டு செய்ய வேண்டும் என்னும் ஆர்வத்தினால் அன்று, இல்லறம் நடத்த வேண்டும் என்னும் தேவையினாலேயே அவர் அப்பதவியை ஏற்றார். இதனை மறைக்க அவரும் முயன்றதில்லை.

ஊர்தோறும் பள்ளிகள்

அக்காலத்தில் இங்கிலாந்துத் திருச்சபையின் பாடசாலைகளைக் குருமாரே பரிசோதித்தனர். குரு அல்லாத ஆர்னால்டுக்குத் திருச்சபையைச் சாராத வெஸ்லியர் முதலியோரின் பாடசாலைகளும், பிரிட்டிஷ் பாடசாலைச் சங்கத்தைச் சேர்ந்தவையும் ஒதுக்கப்பட்டன. இவை தூரந்தூரமாகச் சிதறிக் கிடந்தமையால், இங்கிலாந்தின் நடுப்பகுதி தொடங்கி வேல்ஸ் வரை அவர் ஓயாது பயணஞ் செய்ய வேண்டியிருந்தது. புகைவண்டி நிலையங்களிலும், சத்திரங்களிலும், நிலக்கரிப் புகை படிந்த தொழில் நகரங்களின் பள்ளிக் கூடங்களிலும் அவர் இளமை கழிந்தது. 1857 முதற் பத்தாண்டுகள் ஆக்ஸ்போர்டிற் கவிதைப் பேராசிரியராகவும் இருந்து, அதுகாறும் இலத்தீனில் நிகழ்ந்து வந்த சொற்பொழிவுகளை முதன்முதல் ஆங்கிலத்தில் நிகழ்த்தினார். அப்பதவி மிகச் சில சொற்பொழிவுகளையே வேண்டியது. மற்றை நாட்களெல்லாம் பள்ளிப் பிள்ளைகளுக்கே உரியவாயின.

தேவைக்காக ஏற்ற தொழில் நாளடைவில் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. நூல் ஒன்றும் இல்லாத வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு, நாகரிகத்தின் வாசல் அந்தப் பள்ளிக் கூடம் ஒன்றேயாம் என்பதை அவர் கண்டார். ஆதலின் பள்ளிக்குட் புகுந்தவுடன் அவர் நோக்கியது அங்கு நிலவும் உயிர்ப்பையே. ஆசிரியர் எவ்வாறு வினவுகிறார், பிள்ளைகள் எவ்வாறு விடை தேடுகின்றனர், மாணவ உபாத்தியாயர் எவ்வாறு பழக்கப்படுகின்றனர் என்பவற்றை அவர் பார்த்தார். மாணவ உபாத்தியாயர் என்போர் 13 வயதில் தொடங்கி ஐந்தாண்டுகள் தலைமையாசிரியரின் கீழ்ப் பயின்றுகொண்டே கற்பிக்கும் இளைஞர். 1846இல் கே ஷட்டில்வொர்த் என்னும் அறிஞர் ஏற்படுத்திய முறை அது. அவர்களுக்குரிய சம்பளத்தையும், தேர்ச்சி பெற்ற ஆசிரியருக்குரிய உதவிப் பணத்தையும் சர்க்காரே அளித்து வந்தது.

1859இல் ஆரம்பக் கல்வியை ஆராய நியமிக்கப்பட்டிருந்த நியூகாசில் பிரபுவின் விசாரணைக் குழுவுக்காக ஆர்னால்டு பிரான்சு, ஹாலந்து, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளுக்குச் சென்று பாடசாலைகளை ஆராய்ந்தார். அவ்வாண்டிலேயே அவருக்கு ஒரு பெருந்துயர் நேர்ந்தது. அவருடைய தம்பி வில்லியம் டெலஃபீல்டு ஆர்னால்டு நம் நாட்டிற் பஞ்சாப் மாகாணத்தின் முதற் கல்வி இயக்குநராய் இருந்தவர். மனைவியை இந்தியாவில் இழந்து, நோயுற்றுத் தாய்நாடு திரும்பும் வழியில் ஜிப்ரால்டரில் உயிர் நீத்தார். அவருடைய நான்கு குழந்தைகளை ஆர்னால்டின் தமக்கையும் அவர் கணவர் வில்லியம் பார்ஸ்டரும் தம் மக்களாக ஏற்று வளர்த்தனர். இந்தப் பார்ஸ்டரைப் பற்றிப் பின்னரும் கூற நேரும்.

திருத்திய விதித் தொகுதி

நியூகாசில் குழுவின் அறிக்கை 1861இல் வெளிவந்தது. பிள்ளைகளுள் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கினரே நன்றாகக் கற்று வெளியேறுகின்றனர் என்றும், ஆசிரியர்கள் மேல் வகுப்பினரைக் கவனித்துக் கீழ் வகுப்பினரைக் கைவிடுகின்றனர் என்றும் அது குறை கூறிற்று. சர்க்காரின் கல்விச் செலவும் ஆண்டுக்காண்டு ஏறிக்கொண்டிருந்தது. அப்போது கல்வி இலாகாவை நடத்தியவர் ராபர்ட்டு லோ. இவர் கூரிய அறிவினர், நேர்மையுடையவர், பொதுப் பணம் வீணாதலைப் பொறாதவர். கொடுத்த பணத்துக்குப் பண்டம் கேட்பது நியாயமே என்பது அவர் கொள்கை. தாம் அமைக்கும் முறையிற் கல்வி மலிவாகாவிட்டால் திறமுடையதாகும், திறமுடையதாகாவிட்டால் மலிவாகவேனும் ஆகும் என்று அவர் பார்லிமெண்டுக்கு உறுதி கூறினார்.

இவ்வாறு எழுந்ததே திருத்திய விதித் தொகுதி. அதன் அமைப்பு எளியது. ஒவ்வொரு பிள்ளையின் சராசரி வருகைக்காகவும் பாடசாலைக்கு ஆண்டுக்கு 4 ஷில்லிங். 200 வேளைகளுக்குக் குறையாது பள்ளிக்கு வந்த பிள்ளை ஒவ்வொன்றுக்கும் மேலும் 8 ஷில்லிங். ஆனால் அந்த எட்டு ஷில்லிங்கைப் பெறுவதற்குப் பரிசோதகர் முன் அப்பிள்ளை வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றிலும் தேற வேண்டும். ஒன்றில் தவறினால் 2 ஷில்லிங் 8 பென்ஸ் பிடிக்கப்படும். பிள்ளைகளை ஆறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் இன்னது தெரிந்திருக்க வேண்டும் என்று வரையறுத்தனர். முதற்படியில் ஓரசைச் சொற்களாலான கதை வாசித்தலும், எழுத்துக்களைச் சொல்லக் கேட்டு எழுதலும் வேண்டும். ஆறாம் படியிற் பத்திரிகையின் ஒரு பகுதியை வாசித்தலும் எழுதுதலும், கடைப் பட்டியற் கணக்கும் வேண்டும். அப்படிகளுக்கு இட்ட பெயரே ஸ்டாண்டர்டு. நம் நாட்டிலும் வகுப்புகளை அப்பெயரால் அழைத்தமை பெரியோர் பலருக்கு நினைவிருக்கும்.

நூறு பிள்ளைகள் பரீட்சைக்கு வரும் ஒரு பாடசாலையை எடுத்துக்கொள்வோம். அவர்களது தேர்ச்சியின் மேல் 40 பவுன் தொங்குகிறது. நூறு பேரும் மற்றவற்றில் தேறிக் கணக்கில் மட்டும் தவறினால் 13 பவுன் 6 ஷில்லிங் 8 பென்ஸ் போய்விடும். சர்க்கார் நேரே ஆசிரியருக்குக் கொடுத்து வந்த உதவிப் பணம் நின்று, எல்லாப் பணமும் பாடசாலை நிர்வாகிகள் கைக்குச் சென்றது. ஆதலின் பல இடங்களில் ஆசிரியரின் ஊதியம் அவர் முன் நிற்கும் ஏழு வயதுச் சிறுவனின் நாவிலும் விரல் நுனியிலும் வந்து நின்றது.

ஆர்னால்டின் எதிர்ப்பு

சர்க்கார் உத்தியோகஸ்தர் ஒருவர் தம் மேலதிகாரியின் திட்டத்தை எதிர்த்து எழுதுவது எக்காலத்தும் ஆபத்தான செயல். ஆர்னால்டுக்கு அப்போது மனைவியும் மக்களும் இருந்தனர். பதவி போனால் வேறு வருவாய் இல்லை. எனினும் 1862 மார்ச்சு மாதத்தில் பிரேசர் பத்திரிகையில் இருமுறை திருத்திய விதித் தொகுதி என்னும் தலைப்பில் நீண்ட கட்டுரை ஒன்று வெளிவந்தது. அதிற் பெயர் இல்லை. எழுதியவர் யார் என்பது இலாகாவில் வெகுநாள் மறைந்திருக்கவுமில்லை.

அக்கட்டுரையின் சாரம் இது. வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றை மற்றக் கல்வியிலிருந்து பிரித்தெடுத்து அவற்றை மட்டும் பழக்கினால் அவை வாரா. புத்தகமும் நல்ல பேச்சும் நிறைந்த வீட்டில் வளரும் பிள்ளை, தனிப்பயிற்சி அதிகமின்றியே வாசிக்கக் கற்கிறது. ஏழைப் பிள்ளைக்கு வீட்டில் அச்சூழல் இல்லாமையால் அதனைப் பள்ளியே அளிக்க வேண்டும். கதையும், பாட்டும், பூகோளமும், சரித்திரமும் பள்ளியில் வேண்டப்படுவது வாசிப்புக்குத் தடையாக அன்று. வாசிக்க வேண்டும் என்னும் வேட்கையைத் தருவன அவையே. மேலும், பிள்ளைகள் பத்து வயதுக்குள் வேலைக்குப் போய்விடுவதற்குக் காரணம் வறுமை. அக்குறைக்காக ஆசிரியரின் பணத்தைப் பிடிப்பது நீதியாகாது. எங்கே வறுமை மிகுதியோ, எங்கே உதவி மிகவும் வேண்டுமோ, அங்கேதான் பிள்ளைகள் மிகுதியாகத் தவறுவர், அங்கேதான் பணமும் மிகுதியாகக் குறையும்.

கட்டுரை தனிப் பிரசுரமாகப் பார்லிமெண்டு அங்கத்தினரிடையே பரவியது. கே ஷட்டில்வொர்த் முதலிய பலரும் எதிர்த்தனர். அதனால் லோ சற்று இறங்கி வந்தார். முழுப் பணத்தையும் பரீட்சையோடு பிணைக்க முதலில் எண்ணியவர், மூன்றில் ஒரு பங்கை வருகைக்கென்று ஒதுக்கினார். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளைத் தனித்தனியே பரீட்சிப்பதையும் கைவிட்டார். மற்றை இரு பங்கும் பரீட்சையின் மேலேயே நின்றன. ஆர்னால்டு பதவியை இழக்கவில்லை. ஆயினும் அவர் எதிர்த்த அப்பரீட்சையை நடத்துவதே அன்று முதல் அவருடைய கடமையாயிற்று.

பரீட்சை நாள்

அதன் பின் பரிசோதகர் வரும் நாள் பள்ளிக்குத் தீர்ப்பு நாளாயிற்று. பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு பரிசோதகர் ஒவ்வொரு பிள்ளையாக அழைப்பார். பிள்ளை சில வரிகள் வாசிக்கும், சொல்வதை எழுதும், கணக்குப் போடும். மூன்று கட்டங்களிற் குறி இடப்படும். அடுத்த பிள்ளை வரும். ஆசிரியர் கற்பிப்பதைப் பார்ப்பதற்கோ, வகுப்போடு உரையாடுவதற்கோ பரிசோதகருக்கு நேரமில்லை. முன்பு பள்ளியின் உயிரை அறிய வந்தவர், இப்போது தேறியவர் தவறியவர் என்று எண்ணிச் செல்லும் கணக்கரானார். நோயுற்ற பிள்ளைகளையும் அந்நாளிற் போர்த்திக் கொண்டுவந்து உட்கார வைத்தனர் என்று அக்காலத்தவர் பலர் எழுதியுள்ளனர்.

வாசிப்புப் பரீட்சை பள்ளியில் வழங்கும் வாசக புத்தகத்திலிருந்தே நடக்க வேண்டும் என்பது விதி. ஆதலின் ஆண்டு முழுதும் அந்த ஒரே சிறு புத்தகத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தனர். பிள்ளைகளுக்கு அது மனப்பாடமாயிற்று. புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டும் பிழையின்றி வாசித்த சிறுவர் உண்டென்று பரிசோதகரிடையே கதைகள் வழங்கின. விதிப்படி அச்சிறுவர் தேறியவரே.

1867ஆம் ஆண்டுக்குரிய அறிக்கையில் ஆர்னால்டு இதனை அஞ்சாது எடுத்துக் காட்டினார். ஐரோப்பிய நாடுகளின் உயர்தரக் கல்வியை ஆராயச் சென்றிருந்து தம் பள்ளிகளுக்குத் திரும்பியபோது, முன்னிருந்த ஊக்கம் மங்கி அவை சோர்ந்து கிடக்கக் கண்டதாக எழுதினார். பரீட்சை விதியை இயந்திரம் போல் அமைத்தால் ஆசிரியரும் இயந்திர உபாயங்களால் அதனை வெல்வர் என்றும், உண்மையில் வாசிக்கவோ எழுதவோ கணக்கிடவோ அறியாத பிள்ளையையும் அம்மூன்றிலும் தேறச் செய்துவிடுவர் என்றும், அப்போட்டியிற் சர்க்கார் முடிவில் தோற்பது உறுதி என்றும் காட்டினார். ஆசிரியரை அவர் பழிக்கவில்லை. பணத்தை எங்கே கட்டி வைத்தோமோ அங்கேயே அவர்கள் கை செல்லும் என்பதே அவர் கருத்து. கெட்டிக்காரப் பிள்ளையை மேலும் உயர்த்துவதால் ஒரு பென்சும் வரவில்லை. மந்தமான பிள்ளையை அந்த மூன்று கட்டங்களுக்குள் தள்ளிவிடுவதே இலாபம். பணம் தராத சரித்திரமும் பூகோளமும் பல பள்ளிகளில் ஒதுங்கின. 1867இல் அவற்றுக்கும் தனிப்பணம் கொடுக்க விதி செய்ய நேர்ந்தது. அவையும் பரீட்சைப் பொருளாகி, பெயர்ப் பட்டியல்களாக நெட்டுருச் செய்யப்பட்டன.

லோ சொன்ன இரண்டில் ஒன்று நிறைவேறிற்று. 1861இல் 8 இலட்சம் பவுனைத் தாண்டியிருந்த சர்க்கார் உதவி 1865இல் ஏறத்தாழ 6 இலட்சத்து 37 ஆயிரம் பவுனாகக் குறைந்தது. மாணவ உபாத்தியாயராகச் சேர முன்வந்த இளைஞர் தொகையும் மிகக் குறைந்தது. லோ இதற்குள் பதவியில் இல்லை. பரிசோதகர்களின் அறிக்கைகளை இலாகா சிதைத்து வெளியிடுகிறது என்ற குற்றச்சாட்டின்மேற் பார்லிமெண்டு கண்டனம் நிறைவேற்ற, 1864இல் அவர் விலகினார். பின்னர் நிகழ்ந்த விசாரணையில் அவர்மேற் குற்றமில்லை என்று தெரிந்து, கண்டனம் நீக்கப்பட்டது. விதித் தொகுதியோ அவருக்குப் பின்னும் வாழ்ந்தது.

துன்பத்திடையே கடமை

இந்த ஆண்டுகள் ஆர்னால்டின் இல்லத்திலும் இருள் சூழ்ந்த ஆண்டுகள். 1868 ஜனவரியிற் கைக்குழந்தை பேசில் இறந்தது. அவ்வாண்டு நவம்பரில், பிறவி முதல் நோயாளியாயிருந்த மூத்த மகன் தாமஸ் 16ஆம் வயதில் மறைந்தான். 1872இல் மற்றொரு மகன் 18 வயதில் மாண்டான். நான்காண்டுகளில் மூன்று புதல்வரை இழந்த தந்தை, மறுபடியும் பள்ளிதோறும் சென்று பிறர் பிள்ளைகளின் வாசிப்பைக் கேட்டார். அவர் பிள்ளைகளிடத்து இனியராகவும், குறியிடுவதிற் சற்றுத் தளர்ந்தவராகவுமே இருந்தார் என்பர். பரிசோதகருக்கு இது குற்றமென்று சிலர் கூறினர். அச்சத்தால் நடுங்கும் பிள்ளையின் வாயிலிருந்து 2 ஷில்லிங் 8 பென்சைப் பிடுங்கிக்கொள்ள அவர் மனம் ஒருப்படவில்லை போலும்.

ஆர்னால்டு பரீட்சைக்கே பகைவர் என்று எண்ணுதல் தவறு. ஜெர்மனி முதலிய நாடுகளின் உயர்தரக் கல்வியைப் பற்றி 1868இல் வெளியிட்ட நூலில், பிரஷியாவின் பள்ளியிறுதிப் பரீட்சையை அவர் மிகவும் பாராட்டினார். அங்கே மாணவன் மேல் வகுப்பிற் குறித்த காலம் ஒழுங்காகப் பயின்றிருக்க வேண்டும். அவனுக்குக் கற்பித்த ஆசிரியரே, சர்க்கார் பிரதிநிதி ஒருவர் உடனிருக்க, அவனைப் பரீட்சிப்பர். பல்லாண்டுக் கல்வியால் அவன் உள்ளம் எவ்வளவு பண்பட்டது என்பதே அங்கு நோக்கம். சில திங்கள் உருப்போட்டு வருவோனுக்கு அது இடந்தராது. கல்வியைப் பின்தொடர்ந்து செல்லும் பரீட்சையை அவர் ஏற்றார். கல்வியைத் தன் பின்னே இழுத்துச் செல்லும் பரீட்சையையே அவர் வெறுத்தார்.

மனப்பாடத்தையும் அவர் முற்றும் விலக்கவில்லை. நல்ல கவிதையைப் பிள்ளைகள் நெட்டுருச் செய்ய வேண்டும் என்று அறிக்கைதோறும் வற்புறுத்தினார். பொருளற்ற வாசகத்தை ஆண்டு முழுதும் சொல்லி மரத்துப்போன நாவுக்கு, உயர்ந்த சொல்லும் உயர்ந்த கருத்தும் ஒருங்கே கிடைக்கட்டும் என்பது அவர் எண்ணம். இந்நோக்கத்தோடேயே 1872இல் ஏசாயா தீர்க்கதரிசன நூலின் 40 முதல் 66 வரையுள்ள அதிகாரங்களைப் பள்ளிப் பிள்ளைகளுக்கேற்ற வாசக புத்தகமாகப் பதிப்பித்தார். வேறு இலக்கியச் செல்வம் எதுவும் எட்டாத ஏழைப் பிள்ளைக்கு, வேதாகமத்தின் வழியாகவேனும் ஒரு பேரிலக்கியத்தை முழுமையாக அறியும் இன்பம் வாய்க்க வேண்டும் என்று அவர் விழைந்தார்.

இதற்கிடையில் மேலே கூறிய மைத்துனர் பார்ஸ்டர் கல்வி இலாகாவின் தலைமையை ஏற்று, 1870இல் ஆரம்பக் கல்விச் சட்டத்தைக் கொணர்ந்தார். நாடெங்கும் பள்ளிகள் பெருகின. சமயவாரிப் பரிசோதனையும் ஒழிந்தது. ஆர்னால்டு வெஸ்ட்மினிஸ்டர் பகுதியின் பரிசோதகரானார். ஆனால் பலனுக்கேற்ற பணம் என்னும் முறை புதிய பள்ளிகளையும் பற்றிக்கொண்டது. எத்தனையோ நூல்களால் இங்கிலாந்தின் சிந்தனையைத் திருப்பிய ஒருவரால், தம் இலாகாவின் ஒரு விதியைத் திருப்ப இயலவில்லை.

இறுதியும் அதன் பின்னும்

1886 ஏப்ரலில் அவர் ஓய்வு பெற்றார். அவ்வாண்டிலேயே கிராஸ் பிரபுவின் தலைமையில் அமைந்த விசாரணைக் குழுவின் முன் சாட்சி கூறி, 24 ஆண்டுகளுக்கு முன் எழுதிய அதே கருத்தை மீண்டும் வலியுறுத்தினார். வெஸ்ட்மினிஸ்டர் ஆசிரியர்கள் கூடி அவருக்கு உபசாரம் நிகழ்த்தினர். பரீட்சகரைப் பரீட்சிக்கப்பட்டோர் மனமாரப் போற்றியது அக்காலத்தில் அரிய காட்சி.

1888ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள், அமெரிக்காவிலிருந்து வரும் மகளை எதிர்கொள்ள லிவர்பூல் நகருக்குச் சென்றவர், டிராம் வண்டியைப் பிடிக்க விரைந்து செல்கையில் இருதயம் நின்று விழுந்து இறந்தார். பிறந்த ஊராகிய லேலத்தில், முன்னரே மறைந்த புதல்வரின் பக்கத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. இரண்டே ஆண்டுகள் கழிந்து, 1890இல் வெளிவந்த விதித் தொகுதி அம்முறையின் பெரும்பகுதியை நீக்கிற்று. அந்நூற்றாண்டு முடிவதற்குள் அது இங்கிலாந்தில் முற்றும் மறைந்தது. ஆனால் அதன் நிழல் எளிதில் அகலவில்லை. ஆரம்பப் பள்ளிகளின் தலைமைப் பரிசோதகராயிருந்து ஓய்வுபெற்ற எட்மண்டு ஹோம்ஸ் என்பவர் 1911இல் எழுதிய நூலில், ஒரு தலைமுறை ஆசிரியர் சிந்திக்காமற் கற்பிக்கப் பழகிவிட்டனர் என்றும், கட்டு அவிழ்ந்த பின்னும் அவர்கள் கைகளுக்கு விடுதலை தெரியவில்லை என்றும் வருந்தினார்.

இம்முறை நம் நாட்டையும் விட்டுவைக்கவில்லை. சென்னை மாகாணத்தில் 1860களிலேயே பரீட்சைப் பலனுக்கேற்பப் பாடசாலைகளுக்கு உதவிப் பணம் அளிக்கும் வழக்கம் வந்தது. 1882இல் அமைந்த ஹண்டர் குழு, ஆரம்பப் பள்ளிகளுக்கு அதனைத் தகுந்த முறையென்றே கொண்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேதான் அது கைவிடப்பட்டது. இன்ஸ்பெக்டர் வரும் நாளில் நம் ஊர்ப் பள்ளிகளில் நிலவிய அச்சத்துக்கு வேர் லண்டனிலுள்ள ஓர் அலுவலகத்தில் இருந்தது என்று கூறினும் மிகையாகாது.

வேர் மீண்டும் துளிர்ப்பதுண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2002இல் நடைமுறைக்கு வந்த சட்டம் ஒன்று, பிள்ளைகள் ஆண்டுதோறும் எழுதும் பொதுப் பரீட்சையின் பலனைக் கொண்டு பள்ளிகளைத் தரம்பிரித்துத் தண்டிக்க வழிசெய்தது. வாசிப்பும் கணக்கும் மிகுந்து, மற்றைப் பாடங்களின் நேரம் பல இடங்களிற் சுருங்கிற்று. அக்காலத்தில் அட்லாண்டா நகரில் ஆசிரியர் சிலர் பிள்ளைகளின் விடைத்தாள்களைத் தாமே திருத்தி மதிப்பெண்ணை உயர்த்தினர் என்று வெளிப்பட்டு, 2015இல் 11 பேர் நீதிமன்றத்திற் குற்றவாளிகளெனத் தீர்ப்புப் பெற்றனர். அவ்வாண்டிலேயே அச்சட்டத்துக்குப் பதிலாக வேறு சட்டம் இயற்றப்பட்டது. 1867இல் ஆர்னால்டு எழுதிய அறிக்கையை அறிந்தோர்க்கு இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

ஆர்னால்டின் வாழ்க்கையிலிருந்து நாம் கொள்ளத்தக்க படிப்பினைகள் இரண்டு. முதலாவது கல்வியைப் பற்றியது. பரீட்சை ஒரு விளக்கு. கல்வி எங்குள்ளது என்று பார்ப்பதற்கு அது உதவும். அவ்விளக்கின் மேலேயே ஆசிரியரின் ஊணையும் பள்ளியின் மானத்தையும் ஏற்றி வைத்தால், எல்லோரும் விளக்கைக் காப்பதிலேயே முனைவர். அதன் ஒளியிற் காணவேண்டிய பிள்ளையை ஒருவரும் காணார். இரண்டாவது கடமையைப் பற்றியது. தவறென்று தாம் கண்டதைத் தவறென்று எழுதினார். எழுதிய பின் தமக்கிட்ட பணியை வெறுத்து விட்டுவிடாமல், அதன் கொடுமை பிள்ளைகளைத் தாக்காதவாறு தம்மால் இயன்ற மட்டும் தடுத்து நின்றார்.

நம் கல்லூரியிலிருந்து ஆண்டுதோறும் ஆசிரியத் தொழிலுக்குச் செல்வோர் பலர். கல்வி அதிகாரிகளாக உயர்வோரும் உளர். மதிப்பெண் பட்டியலைக் கையில் ஏந்திப் பிள்ளையின் முன் நிற்கும் காலம் அவர்களுக்கும் வரும். அப்போது அந்தப் பட்டியலின் கட்டங்களுக்குள் அடங்காதது ஒன்று அப்பிள்ளையினிடத்து உண்டு என்பதை அவர்கள் மறவாதிருப்பாராக.